நாஹோட்டின் சிங்கமும் மான்ஸ் ஓடைப் பள்ளமும்: தளபதி ஷ்டைன்மெட்ஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

1870 ஆகஸ்ட் 18, மாலை 4 மணி. பிரான்சின் லொரேன் பகுதியில், மெட்ஸ் கோட்டை நகருக்கு மேற்கே கிரவலாட் என்று ஒரு சிற்றூர். ஊரைத் தாண்டியதும் கிழக்கே போகும் சாலை சரிந்து இறங்குகிறது. அடியில் மான்ஸ் என்ற சின்ன ஓடை. அதைக் கரைமேட்டின் மேல் கடந்து, எதிர்ச் சரிவில் சாலை மறுபடி ஏறுகிறது. இரு பக்கமும் மரம் அடர்ந்த செங்குத்துச் சரிவு. சாலையை விட்டு விலகக் குதிரைக்கும் பீரங்கி வண்டிக்கும் இடமில்லை. ஏறி முடிக்கும் இடத்துக்கு அருகே சென் உபேர் என்ற பண்ணைவீடு. அதற்கும் மேலே, திறந்த மேட்டில், பிரெஞ்சுக் காலாட்படை குழி வெட்டிப் பதுங்கியிருக்கிறது.

அந்த ஒற்றைச் சாலையில் ஒரு குதிரைப்படை டிவிஷனையும் பல பீரங்கி அணிகளையும் ஒரே நேரத்தில் ஏறச் சொல்லி ஆணை வருகிறது. ஆணையிட்டவர், மற்ற ஜெர்மன் நாடுகளோடு சேர்ந்து பிரான்சோடு போரிடும் பிரஷ்யாவின் முதலாம் படையின் தளபதி, காலாட்படை ஜெனரல் கார்ல் ஃபிரீட்ரிக் ஃபான் ஷ்டைன்மெட்ஸ். வயது 73. நான்கு ஆண்டுகளுக்கு முன், ஆஸ்திரியாவோடு நடந்த போரில் நாஹோட் கணவாயில் வென்றதற்காக, பிரஷ்யா முழுவதும் 'நாஹோட்டின் சிங்கம்' என்று கொண்டாடிய மனிதர். எதிரி ஓடத் தொடங்கிவிட்டான், துரத்த வேண்டியதுதான் பாக்கி என்று அவர் நம்பினார். எதிரி ஓடவில்லை.

பிரஷ்ய ராணுவ வரலாற்றைப் படிப்பவர்கள் பெரும்பாலும், போர்த் திட்டங்களை வகுக்கும் ஜெனரல் ஸ்டாஃபின் தலைவர் மோல்ட்கெயிடம் போய் நின்றுவிடுகிறார்கள். வென்ற திட்டம் அவருடையது, அதனால் அது இயல்புதான். ஆனால் ஒரு வெற்றி மனிதனுக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது, எதை மறைத்துவிடுகிறது என்று பார்க்க வேண்டுமானால் ஷ்டைன்மெட்ஸின் கதையைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1866-இல் அவரைத் தூக்கி நிறுத்திய அதே குணம் 1870-இல் அவரைக் கவிழ்த்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை நாஹோட் மேட்டிலேயே தேட வேண்டும்.

ஸ்டோல்ப் பள்ளியிலிருந்து

ஷ்டைன்மெட்ஸ் பிறந்தது 1796 டிசம்பர் 27, ஐசெனாக் நகரில். நெப்போலியனிடம் பிரஷ்யா தோற்று நொறுங்கிக் கிடந்த காலத்தில், பத்து வயதில், பொமரேனியாவின் ஸ்டோல்ப் நகர ராணுவப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பிரெஞ்சுப் படை நாட்டை ஆக்கிரமித்திருந்தது. பள்ளியில் வறுமை, வீட்டில் அதைவிட வறுமை. 1813-இல் விடுதலைப் போர் மூண்டபோது அண்ணனும் தம்பியும் பிரெஞ்சுக் காவலைக் கடந்து போய்ப் படையில் சேர்ந்தார்கள். அண்ணன் லைப்சிக் போரில் மாண்டான். தம்பி காயம்பட்டும் பிழைத்து, 1814-இல் வென்ற படையோடு பாரிஸ் வரை போனார்.

பாரிஸில் அவர் நடந்துகொண்ட விதம் இந்த மனிதரைப் புரிந்துகொள்ள நல்ல வழி. மற்ற இளம் அதிகாரிகள் நகரத்தைச் சுற்றித் திரிந்தபோது, காசு செலவாகிவிடும் என்று அவர் ஒரே ஒருமுறைதான் ஊருக்குள் போனார். மிச்சம் பிடித்த சம்பளத்தை அம்மாவுக்கு அனுப்பினார். இளமையில் பட்ட அந்தக் கஷ்டம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. தன்னிடம் கடுமை, கீழே இருப்பவர்களிடமும் கடுமை, மேலே இருப்பவர்கள் தனக்குரிய மதிப்பைத் தரவில்லை என்ற தீராத மனக்குறை. பெர்லினில் போர்க்கல்வி பயின்றார், நில அளவைப் பணியும் செய்தார். ஆனால் அவர் வளர்ந்தது ஜெனரல் ஸ்டாஃபின் வரைபட மேசைகளில் அல்ல, படைப்பிரிவுகளின் பயிற்சி மைதானங்களில். அவரைவிட நான்கு வயது இளைய மோல்ட்கெ போன வழி நேர் எதிரானது.

பதவி உயர்வு ஆமை வேகத்தில் வந்தது. 1848-இல் ஷ்லெஸ்விக் போரில் நன்றாகச் சண்டையிட்டு 'பூர் ல மெரித்' விருது பெற்றார். பெர்லின் ராணுவப் பள்ளிக்குப் பொறுப்பேற்று அதைச் சீர்திருத்தினார். அங்கே எதிரிகளையும் சம்பாதித்தார். 41 ஆண்டு சேவைக்குப் பிறகுதான், 1854-இல், மேஜர் ஜெனரல் ஆனார். குடும்பத்தில் அடுக்கடுக்காகச் சாவு. பெற்ற பிள்ளைகளில் ஒருவரும் மிஞ்சவில்லை. போசன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட 5-ஆம் கோர் அவர் கைக்கு வந்தபோது வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. கோர் என்றால் இரண்டு டிவிஷன்களும் பீரங்கிகளும் குதிரைப்படையும் சேர்ந்து ஏறத்தாழ 30,000 பேர். வேறொரு காலமாக இருந்தால் அத்தோடு ஓய்வு பெற்று, யாரும் நினைவு வைத்திராத ஜெனரல்களில் ஒருவராகப் போயிருப்பார்.

1866: மூன்று நாள், மூன்று சண்டை

ஆஸ்திரியாவுக்கு எதிரான போரில் மோல்ட்கெயின் திட்டம் துணிச்சலானது. பிரஷ்யப் படைகள் வெவ்வேறு திசைகளிலிருந்து பொஹீமியாவுக்குள் நுழைந்து, எதிரியின் முன்னால் ஒன்று சேர வேண்டும். இதில் மிக ஆபத்தான பகுதி பட்டத்து இளவரசர் ஃபிரீட்ரிக் வில்ஹெல்மின் இரண்டாம் படைக்கு விழுந்தது. அது சிலேசியாவிலிருந்து மலைக் கணவாய்கள் வழியாக இறங்க வேண்டும். கணவாயிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு கோரும் சில மணி நேரம் தனியாக மாட்டிக்கொள்ளும். ஆஸ்திரியத் தளபதி பெனெடெக் சுறுசுறுப்பாக இருந்திருந்தால் ஒவ்வொன்றாக அடித்திருக்கலாம்.

ஜூன் 27 காலை ஷ்டைன்மெட்ஸின் முன்னணிப் படை நாஹோட் கணவாயைத் தாண்டி வைசோகோவ், வென்சல்ஸ்பெர்க் மேட்டில் ஏறியது. பின்னால் வர வேண்டிய பெரும்படை குறுகலான வழியில் வால்போல நீண்டு கிடந்தது. எதிரே ராமிங் தலைமையில் ஆஸ்திரியாவின் 6-ஆம் கோர். மேட்டில் இருந்ததோ லோவென்ஃபெல்டின் கீழ் சில பட்டாலியன்கள் மட்டும். அந்தச் சில பட்டாலியன்கள்தான் பின்னால் இருந்தவர்கள் ஏறி வரும்வரை காலை முழுதும் தாக்குப்பிடித்தன.

எப்படித் தாக்குப்பிடித்தன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிரஷ்யச் சிப்பாயின் கையில் இருந்தது ட்ரைசெ ஊசித் துப்பாக்கி. பின்பக்கம் திறந்து தோட்டா போடலாம். படுத்தபடியே போடலாம். நிமிடத்துக்கு ஐந்து முறை சுடலாம். ஆஸ்திரியச் சிப்பாய் நின்றுகொண்டு, குழாயின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்க வேண்டும். அவனுடைய லோரென்ஸ் துப்பாக்கி ஊசித் துப்பாக்கியைவிடத் தொலைவுக்குச் சுடும். ஆனால் ஆஸ்திரியத் தளபதிகள் அதை நம்பவில்லை. 1859-இல் இத்தாலியில் பிரெஞ்சுக்காரர்களிடம் தோற்ற பிறகு, நெருக்கமான அணியாகப் பாய்ந்து துப்பாக்கிமுனை ஈட்டியால் முடிப்பதே வெற்றிக்கு வழி என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அதனால் ராமிங்கின் பிரிகேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேட்டை நோக்கி ஓடின, சுடப்பட்டு விழுந்தன. நண்பகலுக்குப் பின் ஷ்டைன்மெட்ஸின் பெரும்படை வந்து சேர்ந்ததும் சண்டை தீர்ந்தது. பிரஷ்யத் தரப்பில் ஏறத்தாழ 1,100 பேர் இழப்பு. ஆஸ்திரியத் தரப்பில் அதைப்போல ஐந்து மடங்கு.

அதே நாளில் வடக்கே ட்ராவுட்டனாவ் கணவாயில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே போனினின் 1-ஆம் கோர் ஆஸ்திரியத் தளபதி கப்லென்ட்ஸிடம் அடிவாங்கி வந்த வழியே திரும்பியது. அன்றைய அடியில் ஷ்டைன்மெட்ஸும் தயங்கியிருந்தால் இரண்டாம் படையே மலைக்குப் பின்னால் முடங்கியிருக்கும். அவர் தயங்கவில்லை. மறுநாள் ஸ்காலிட்ஸில் வேறொரு ஆஸ்திரியக் கோரை, 8-ஆவதை, தாக்கினார். பெனெடெக் அன்று காலை அந்த ஊருக்கு வந்து பார்த்துவிட்டு, இங்கே பெரிய சண்டை வேண்டாம், பின்வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் ஃப்ராக்னெர்னின் பிரிகேட் ஆணையில்லாமலே முன்னால் பாய்ந்து சிதைந்தது, ஃப்ராக்னெர்னும் மாண்டார். மூன்றாம் நாள், ஜூன் 29, ஷ்வைன்ஷேடலில் மூன்றாவதாக ஒரு கோர். மூன்று நாளில் மூன்று வெவ்வேறு எதிரிக் கோர்களை ஒரே கோர் அடித்து விரட்டியது.

அவருக்குக் கருங்கழுகு விருது கிடைத்தது. சிங்கம் என்ற பட்டம் நிலைத்தது. ஜூலை 3-இல் போரையே முடித்துவைத்த கேனிக்ரெட்ஸ் சண்டையில் அவருடைய கோர் பின்னணியில்தான் இருந்தது, ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை.

இந்தப் புகழ் நியாயமானது என்றே நினைக்கிறேன். அந்த மூன்று நாளில் அவருடைய பிடிவாதம் ஒரு படையையே காப்பாற்றியது. ஆனால் நாஹோட்டை மறுபடி ஒருமுறை பாருங்கள். மேட்டின் மேலே, நல்ல துப்பாக்கியோடு படுத்திருந்தவர்கள் யார்? திறந்த நிலத்தில் அலையலையாக ஓடி வந்தவர்கள் யார்? முன்னேறு, தயங்காதே என்பதுதான் அந்த வெற்றி தந்த பாடம் என்று ஷ்டைன்மெட்ஸ் எடுத்துக்கொண்டார். குண்டு போட்டவர்கள் கண்ட பாடம் வேறு: நல்ல துப்பாக்கியோடு மறைவில் படுத்திருப்பவனை நோக்கி நெருக்கமாக ஏறுகிறவன் சாவான்.

1870: ஏன் அவர்?

பிரான்சோடு போர் மூண்டபோது மூன்று படைகள் அமைக்கப்பட்டன. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் தலைவர்கள் அரச குடும்பத்து இளவரசர்கள்: ஃபிரீட்ரிக் கார்ல், பட்டத்து இளவரசர். முதலாம் படை மூன்றிலும் சிறியது. தொடக்கத்தில் 7-ஆம், 8-ஆம் கோர்களும் குதிரைப்படையும் மட்டுமே. அதைத்தான் ஷ்டைன்மெட்ஸிடம் கொடுத்தார்கள். அரசர் வில்ஹெல்மின் மதிப்பு, 1866-இன் புகழ், பணி மூப்பு மூன்றும் சேர்ந்து அவரை ஒதுக்க முடியாத நிலை. மோல்ட்கெ முறையில் இது பெரிய ஓட்டை. அவருடைய ஜெனரல் ஸ்டாஃப் எல்லாவற்றையும் ரயில் அட்டவணை வரை கணக்கிட்டது. ஆனால் படைத்தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதனிடம் இல்லை. அது அரசரின் உரிமை.

கோருக்குத் தலைவராக இருப்பதும் படைக்குத் தலைவராக இருப்பதும் ஒரே வேலையின் சின்ன வடிவமும் பெரிய வடிவமும் அல்ல. நாஹோட் கணவாயில் ஷ்டைன்மெட்ஸ் தன் சண்டை முழுவதையும் கண்ணால் பார்த்தார். அவருடைய வலப்பக்கத்திலோ இடப்பக்கத்திலோ இன்னொரு தளபதியின் சாலை குறுக்கிடவில்லை. முதலாம் படையின் தலைவருக்கு எதிரியைப் போலவே முக்கியமானது பக்கத்துப் படை. எந்தச் சாலை யாருடையது, இன்று எந்த ஊர் வரை போகலாம், எங்கே நின்று காத்திருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய அன்றாட வேலை. காத்திருப்பது ஷ்டைன்மெட்ஸின் இயல்பில் இல்லை.

மோல்ட்கெ நினைத்தது இது: ஃபிரீட்ரிக் கார்லின் பெரிய படை சார் ஆற்றங்கரையில் பிரெஞ்சுப் படையை முன்னால் பிடித்து நிறுத்தும், முதலாம் படை வலப்பக்கமாக வந்து அதன் பக்கவாட்டில் இடிக்கும். அதற்கு ஷ்டைன்மெட்ஸ் சில நாள் பொறுமையாக இருக்க வேண்டும். தனக்குச் சொல்லப்பட்ட நிலை ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. மோல்ட்கெயைத் தாண்டி நேராக அரசருக்கே முறையிட்டார். பிறகு தெற்கே நகர்ந்து, இரண்டாம் படைக்கு ஒதுக்கப்பட்ட சாலைகளில் தன் ஆட்களை இறக்கினார். இரண்டு படைகளின் அணிகள் சார்ப்ரூக்கன் நோக்கிப் போகும் வழிகளில் ஒன்றன் குறுக்கே ஒன்றாக வந்து நின்றன.

இங்கே மோல்ட்கெ மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. அவருடைய ஆணைகள் சுருக்கமானவை. நோக்கத்தைச் சொல்லி, வழியைத் தளபதியிடம் விடுவது அவர் பாணி. கூடவே வளர்ந்த, தன்னைப் போலவே யோசிக்கும் அதிகாரிகளிடம் அது அற்புதமாக வேலை செய்தது. தன்னைச் சந்தேகத்தோடு பார்க்கும் ஒரு மூத்த தளபதியிடம் அரைகுறையாகச் சொன்னால் என்ன ஆகும் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். நோக்கம் முழுதாகப் போய்ச் சேராத இடத்தில் சுதந்திரத்தை மட்டும் கொடுத்தது பிழை.

ஆகஸ்ட் 6-இல் விளைவு தெரிந்தது. 7-ஆம் கோரின் 14-ஆம் டிவிஷனோடு சார்ப்ரூக்கனில் ஆற்றைக் கடந்த காமெகெ, ஸ்பிக்கெரன் மேட்டில் இருப்பது பின்வாங்கும் பிரெஞ்சுக்காரர்களின் வால்பகுதி என்று எண்ணித் தாக்கினார். மேட்டில் இருந்தது ஃப்ரோஸாரின் முழுக் கோர். சிவப்பு மலை என்று ஜெர்மானியர்கள் அழைத்த செங்குத்துப் பாறையில் ஏறும்போது பிரிகேட் தலைவர் ஃபிரான்ஸ்வா மாண்டார். பீரங்கிச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பிரிவுகள், இரண்டாம் படையின் பிரிவுகளும் உட்பட, தாமே ஓடி வந்து சேர்ந்தன. ஒரே மாலையில் கட்டளை ஒரு ஜெனரல் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பலமுறை மாறியது. இருட்டும் நேரத்தில் ஃப்ரோஸார் பின்வாங்கினார். ஜெர்மன் இழப்பு 4,800-க்கும் மேல், பிரெஞ்சு இழப்பு அதைவிடக் குறைவு. பெயரளவில் வெற்றி. மோல்ட்கெ விரித்திருந்த வலைக்குள் எதிரி வரும் முன்பே அவனை விரட்டிவிட்ட வெற்றி. ஷ்டைன்மெட்ஸ் களத்துக்கு வந்தது மாலையில்தான். சண்டையைத் தொடங்கியது அவர் அல்ல. ஆனால் அந்தப் படையை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து விட்டது அவர்தான்.

போர்னி: எதிர்ப்புறத்திலிருந்து ஒரு சாட்சி

ஷ்டைன்மெட்ஸை வெறும் அவசரக்காரர் என்று எழுதிவிட்டால் வேலை சுலபம். ஆகஸ்ட் 14-இல் நடந்தது அந்தச் சுலபத்தைக் கெடுக்கிறது. மெட்ஸுக்குக் கிழக்கே, போர்னி ஊர்ப் பக்கம் இருந்த பிரெஞ்சுத் தளபதி பஸேனின் படை மொசெல் ஆற்றைக் கடந்து மேற்கே போகத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்த பிரிகேட் தலைவர் கோல்ட்ஸ், யாரையும் கேட்காமல் தாக்கினார். 7-ஆம், 1-ஆம் கோர்கள் சேர்ந்துகொண்டன. ஜெர்மன் தரப்பில் ஏறத்தாழ 5,000 பேர் இழப்பு. ஆனால் பிரெஞ்சுப் படை ஆற்றைக் கடப்பது தாமதமானது. அந்தத் தாமதம் பின்னால் பிரஷ்யாவுக்குப் பெரிதும் உதவியது.

ஷ்டைன்மெட்ஸ் கடுங்கோபம் கொண்டார். தன் ஆணையில்லாமல் சண்டையா என்று கேட்டு, களத்தை விட்டு விலகச் சொன்னார். சண்டையிட்டவர்களை அரசர் பாராட்டினார்.

மேலிடத்து ஆணையை மதிக்காதவர், கீழே இருப்பவர் தன்னை மதிக்காமல் செயல்பட்டால் பொறுத்துக்கொள்ளவில்லை. இதை வெறும் இரட்டை நாக்கு என்று நான் பார்க்கவில்லை. பிரஷ்ய ராணுவத்தில் அப்போது வளர்ந்துகொண்டிருந்த சுயமுயற்சி என்ற பண்பை அவர் ஒருபோதும் அதன் பொருளில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அடையாளம் இது. கோல்ட்ஸ் மேலிடத்தின் நோக்கத்தை ஊகித்து, அதற்காக ஆணையை மீறினார். ஷ்டைன்மெட்ஸ் மீறியது தன் தீர்ப்பு மேலானது என்பதற்காக. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கீழ்ப்படியாமைதான்.

ஓடைப் பள்ளம்

ஆகஸ்ட் 16-இல் மார்ஸ்-லா-டூரில் நடந்த சண்டை பஸேனை மெட்ஸுக்கு மேற்கே தடுத்து நிறுத்தியது. 18-இல் மோல்ட்கெ முழுப் பலத்தோடு மோதினார்: ஜெர்மன் தரப்பில் ஏறத்தாழ 1,88,000 பேர், பிரெஞ்சுத் தரப்பில் ஏறத்தாழ 1,13,000. திட்டப்படி பெரிய அடி வடக்கே, இரண்டாம் படையின் கையில். தெற்கே ஷ்டைன்மெட்ஸ் எதிரியைப் பிடித்து நிறுத்தினால் போதும். இரண்டாம் படை தாக்கும்வரை அவர் தாக்கக் கூடாது. அவர் படையின் 1-ஆம் கோர் மொசெலின் கிழக்குக் கரையில் நின்றது. 8-ஆம் கோரையும் தலைமையகம் தன் பார்வைக்குள் எடுத்துக்கொண்டது. பெயருக்குப் படைத்தலைவர், கையில் ஒரு கோரும் குதிரைப்படையும். அந்த அவமானம் அவர் மனதில் எப்படி எரிந்திருக்கும் என்பதைப் பாரிஸில் காசு மிச்சம் பிடித்த அந்தப் பையனை நினைத்தால் புரியும்.

நண்பகலில் வடக்கே வெர்னவில் பக்கம் பீரங்கிகள் முழங்கின. அதைக் கேட்டு 8-ஆம் கோரின் கோபென் மான்ஸ் ஓடையைக் கடந்து தாக்கத் தொடங்கினார். கிரவலாட்டின் இரு பக்கமும் வரிசையாக நின்ற பிரஷ்யப் பீரங்கிகள், பின்பக்கம் குண்டு போடும் க்ருப் எஃகுப் பீரங்கிகள், பிரெஞ்சு வெண்கலப் பீரங்கிகளை அடக்கின. 3 மணியளவில் சென் உபேர் பண்ணை விழுந்தது. எதிர்மேட்டில் பிரெஞ்சுச் சூடு குறைந்தது.

குறைந்ததற்குக் காரணம் அவர்கள் குழிகளுக்குள் அடங்கியிருந்ததுதான். குழிகளில் இருந்தவர்களின் கையில் ஷாஸ்போ துப்பாக்கி. அது 1,200 மீட்டருக்குச் சுடும். பிரஷ்யர்களின் ஊசித் துப்பாக்கி அதில் பாதிதான். நாஹோட்டில் தன் ஆட்களுக்கு இருந்த எல்லா அனுகூலமும், மேடு, மறைவு, மேலான துப்பாக்கி, இப்போது எதிரியிடம். ராமிங் நின்ற இடத்தில் இப்போது ஷ்டைன்மெட்ஸ். அவருக்கு அது தெரியவில்லை. சூடு அடங்கியதை அவர் தோல்வியின் அடையாளமாகப் படித்தார்.

அதனால்தான் அந்த ஆணை. 7-ஆம் கோரின் பீரங்கி அணிகளும் ஹார்ட்மானின் 1-ஆம் குதிரைப்படை டிவிஷனும் கரைமேட்டுச் சாலையில் இறங்கின. எதிரே சண்டையிலிருந்து திரும்பும் காயம்பட்டவர்கள், ஆளில்லாக் குதிரைகள், வெடிமருந்து வண்டிகள். பின்னால் மேலும் மேலும் காலாட்படை. சாலை அடைத்துக்கொண்டது. மேலே போய்ச் சேர்ந்த சில பீரங்கி அணிகள் முன்பக்கச் சக்கரங்களை அவிழ்க்கும் முன்பே ஷாஸ்போ குண்டுகளின் நடுவில் இருந்தன. குதிரைகள் எல்லாம் விழுந்த பிறகும், ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்த பிறகும், ஒரு பீரங்கி அணி அசையாமல் சுட்டுக்கொண்டிருந்தது. சென் உபேருக்கு அருகே அணிவகுத்த ஈட்டிக் குதிரைவீரர்களுக்குத் தாக்க இலக்கே இல்லை; குழிகளை எதிர்த்துக் குதிரையால் என்ன செய்ய முடியும்? வந்த வழியே திரும்பினார்கள், அதே அடைபட்ட சாலையில்.

பின்னேரம் பிரெஞ்சுக்காரர்கள் எதிர்த்தாக்கினார்கள். பள்ளத்தில் அடைந்து கிடந்த கூட்டம் கலைந்தது. ஆட்கள் கிரவலாட் வீதிகள் வழியே பின்னோக்கி ஓடினார்கள். அரசர் வில்ஹெல்ம் அங்கே வந்திருந்தார். ஓடுகிறவர்களைப் பார்த்துக் கத்தினார்.

அப்போது ஃப்ரான்ஸெக்கியின் 2-ஆம் கோர் நெடுந்தொலைவு நடந்து வந்து சேர்ந்தது. இன்னொரு முறை தாக்கினால் மேடு விழும் என்று ஷ்டைன்மெட்ஸ் சொன்னார். அரசர் இசைந்தார். புதிய ஆட்கள் மங்கலில் அதே பள்ளத்தில் இறங்கி, அதே சாலையில் ஏறினார்கள். சென் உபேர் அருகே இருட்டில் தெரிந்த உருவங்களை எதிரி என்று நினைத்துச் சுட்டார்கள். அங்கே இருந்தவர்கள் பிற்பகலிலிருந்து அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்த பிரஷ்யர்கள்.

கிரவலாட் பக்கம் மட்டும் 4,000-க்கும் மேற்பட்டோர் விழுந்தார்கள், ஒரு கெஜ நிலமும் கூடுதலாகக் கிடைக்காமல். வடக்கே சென் பிரிவா ஊரில் பிரஷ்ய அரச காவல் கோர் இன்னும் கொடூரமாக அடிபட்டது. ஆனால் அங்கே சாக்ஸன் படை பக்கவாட்டில் வந்ததும் பிரெஞ்சுத் தளபதி கான்ரோபேர் நிலை தளர்ந்து ஊர் விழுந்தது. போர் வெல்லப்பட்டது அங்கேதான். தெற்கே இருந்த தலைமையகத்துக்கு அந்தச் செய்தி வந்து சேர இரவு ஆகிவிட்டது.

பொறுப்பு

அடுத்த வாரங்களில் மெட்ஸ் முற்றுகைக்கு ஃபிரீட்ரிக் கார்ல் பொறுப்பேற்றார். முதலாம் படையும் அவருக்குக் கீழே. தன்னைவிட 31 வயது இளையவரிடம் ஷ்டைன்மெட்ஸ் அடங்கி நடக்கவில்லை, உரசல் முற்றியது. செப்டம்பரில் அவரைக் களத்திலிருந்து எடுத்து, போசன், சிலேசியா பகுதிகளின் ஆளுநர் ஜெனரலாக அனுப்பினார்கள். தண்டனை என்று பெயரிடாத தண்டனை. 1871 ஏப்ரலில் ஃபீல்ட் மார்ஷல் பட்டம் கொடுத்தார்கள். அதுவும் அரசரின் கருணைதான்.

கிரவலாட் சாலையின் ரத்தத்துக்கு அவர் ஒருவரையே பொறுப்பாக்குவது பிற்காலத்தில் வழக்கமாகிவிட்டது. பிஸ்மார்க்கே அப்படித்தான் பேசினார். மாலை 4 மணி ஆணைக்கு ஷ்டைன்மெட்ஸ்தான் முழுப் பொறுப்பு. அதில் எனக்கு ஐயமில்லை. பள்ளத்தின் குறுக்கே ஒற்றைச் சாலைதான் உண்டு என்பது காலையிலிருந்தே அவர் கண்ணுக்கு எதிரில் இருந்தது. ஆனால் இருட்டில் 2-ஆம் கோரை அனுப்பியது அரசர். பக்கத்தில் நின்றவர் மோல்ட்கெ. முதிய வயதில் இந்தப் போரின் வரலாற்றை எழுதும்போது, அங்கே நேரில் இருந்த ஜெனரல் ஸ்டாஃப் தலைவர் அந்த நேரத்தில் அந்த முன்னேற்றத்தை அனுமதிக்காமல் இருந்திருந்தால் அதுவே சரியாக இருந்திருக்கும் என்று மோல்ட்கெ தன்னைக் குறித்தே எழுதினார். அப்படி ஒரு வரியை ஷ்டைன்மெட்ஸ் எழுதியிருப்பார் என்று என்னால் நினைக்க முடியவில்லை. இருவருக்கும் உள்ள வேறுபாட்டை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டுவது அந்த வரிதான்.

ஷ்டைன்மெட்ஸ் 1877 ஆகஸ்டில் சிலேசியாவின் லாண்டெக் ஊரில் காலமானார். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1889-இல், பிரஷ்யப் படைப்பிரிவுகளுக்குப் பழைய தளபதிகளின் பெயர்களைச் சூட்டியபோது அவர் பெயர் 37-ஆம் ஃபியூசிலியர் படைப்பிரிவுக்குப் போனது. 1866 ஜூன் 27 காலை நாஹோட் மேட்டில் முதலில் ஏறி, புல்லில் படுத்து, மற்றவர்கள் வரும்வரை சுட்டுக்கொண்டே காத்திருந்த முன்னணியில் அதுவும் இருந்தது.